தோள் மாற்றாதவர்

அவருடைய வீட்டு நிலைவாசல் தாழ்வானது, அவர் உயரமானவர். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் தலையை இடது பக்கம் சாய்த்து, முழங்காலை லேசாக மடக்கி, "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துக் கடப்பார். பாரம் தூக்குகிறவர்கள் மூச்சை அடக்கும்போது வருகிற சத்தம் அது. மில்லில் பஞ்சுப் பொதி அடுக்கும் பேல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் தெருவுக்கு அவர் மேஸ்திரிதான். எனக்கு மட்டும் பெரியப்பா.

உறவு ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப்போன மறுவருஷம், சென்னையில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. ரிக்‌ஷாவிலிருந்து என் இரும்புப் பெட்டியை இறக்க நானும் ரிக்‌ஷாக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தோம். குனிந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து, "இருக்கட்டும்" என்றார். அடுத்த நிமிஷம் பெட்டி அவர் தோளில் இருந்தது. மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. புத்தகம் நிறைய இருக்கிறது, கனமாக இருக்கும் என்று நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஏறினேன். இறக்கி வைத்துவிட்டு, "படிச்ச பொண்ணு பெட்டி பின்ன பஞ்சாட்டமா இருக்கும்?" என்றார்.

அந்த "இருக்கட்டும்" என்ற சொல்லைப் பிறகு நான் வகை பிரித்து வைத்துக்கொண்டேன். எதையும் வகை பிரிப்பது என் வழக்கம். விடு, நான் தூக்குகிறேன் என்பது முதல் வகை. எனக்கு வலிக்கவில்லை என்பது இரண்டாவது. இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையை அவர் சொல்லும்போது பார்வை எதிரில் இருப்பவரின் காலில் இருக்கும்.

தெருவில் யார் சுமையோடு வந்தாலும் அது அவர் தோளுக்கு மாறிவிடும். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கல்யாண வீட்டு அண்டா, அரியாங்குப்பத்திலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் பெண்ணின் கூடை. அந்தப் பெண் ஒருமுறை, கூடை அவரிடம் இருந்தால் யாரும் தன்னிடம் விலை கேட்பதில்லை என்று கோபித்துக்கொண்டாள். அவர் கூடையை இறக்கவில்லை. தானே கூவி விற்றுக்கொண்டு தெருக்கோடி வரை போனார். கத்தரிக்காய்க்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலானது மாசிமகம். அன்றைக்கு எங்கள் தெரு அம்மனைப் பல்லக்கில் வைத்து வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோவார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் இடுப்பு வேட்டியோடு, சட்டை இல்லாமல் வருவார்கள். தெருமுனைக்குத் தெருமுனை தோள் மாற்றுவார்கள்; மாற்றுக்கு ஆட்கள் கூடவே நடப்பார்கள். மேஸ்திரி மாற்ற மாட்டார். முன்தண்டின் வலது பக்கம் அவருடையது. கோயில் வாசலில் ஏறிய தண்டு மணலில்தான் இறங்கும். வலது தோளில் காய்ப்புக் காய்த்து ஒரு மேடு உண்டு. அதைத் தெருப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க அவர் விடுவார். மறுநாள் பெரியம்மா, அதாவது அவர் மனைவி, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தபடி திட்டுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்பார்.

அடுத்த வீட்டில் அவருடைய பால்ய சிநேகிதர் இருந்தார். தெருமுனையில் சலூன் வைத்திருந்தவர். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடத்தை ஒரே வருஷத்தில் விட்டவர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் சலூன்காரர் பெட்டியோடு பின்கட்டுக்கு வந்து மேஸ்திரிக்குச் சவரம் செய்வார். என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே அது நடக்கும். பேச்செல்லாம் வசவுதான். "ஆடாதடா, காது போனா ஒட்ட முடியாது" என்று ஒருவர், "உன் கத்திக்கு வெண்ணெயே அறுபடாது, காது எங்க போவும்?" என்று மற்றவர். சலூன்காரருக்கு இன்னொரு ஆசை சண்டைச் சேவல். ஒன்றுபோனால் ஒன்று வாங்கி வளர்ப்பார். அவை இரண்டு வீட்டுப் பின்கட்டையும் தம்முடையதாக நினைத்து உலாவும்.

நான் வந்த இரண்டாவது வருஷம் மேஸ்திரிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தாரோ, விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்று. ஆண் உடம்பில் சுரக்கும் நீர்தான் அந்தக் கட்டிக்கு ஆகாரம். அதை நிறுத்தினால் கட்டி அடங்கும். அதற்காக விதைகளை எடுத்தார்கள். கூடவே ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற சிறிய வெள்ளை மாத்திரையைத் தினம் ஒன்று விழுங்கச் சொன்னார்கள். அது பெண் உடம்பின் சுரப்பைப் போன்றது. தெருவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லப்பட்டது. எனக்கு உண்மை தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அப்போது எலும்பில் நோய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க முதுகையும் இடுப்பையும் படம் எடுத்தோம். இந்த நோய் எலும்புக்குப் போனால் படத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவருக்கு ஒரு திட்டும் இல்லை. நான் ஈய அங்கி போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, மேஜையில் மல்லாந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அது இன்னாம்மா, உடம்புல போட்டிருக்கிறது?"

"ஈயம், பெரியப்பா. கதிர் உள்ளே போகாம இருக்க."

"கனமாட்டம் இருக்குதே. கழட்டிக் குடு, நான் பிடிச்சிகினு இருக்கேன்."

அதைக் கழற்றிக் கொடுத்தால் படமே எடுக்க முடியாது என்று புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வீடு திரும்பியதும் சில மாற்றங்கள். மார்பில் துண்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பனியனுக்கு மாறினார். பனியனுக்கு மேல் சட்டை வந்தது. சில மாதம் கழித்துச் சட்டை போய், பனியனும் போய், மாசிமகத்துக்கு முன்னால் பழையபடி துண்டோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள்தான் காலையில் காபி குடித்து முடித்ததும் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்து, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவர் பின்கட்டு ஜன்னலுக்கு வந்து வாய் கொப்பளித்துத் துப்புவார்.

சவரம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் மேலேயிருந்து பார்க்கிற எனக்கு ஒன்று தெரிந்தது. சலூன்காரர் முகம் முழுக்கச் சோப்பு நுரை போட்டு, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டி, கன்னத்தில் இழுப்பார். ஈரத்துண்டில் துடைக்கும் நுரை வெள்ளையாகவே இருக்கும். ஒரு முடி அதில் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தாடி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். சலூன்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்கவும் இல்லை. இழுத்தார், துடைத்தார், படிகாரம் தேய்த்தார், "ஆடாதடா" என்றார்.

அந்த நாட்களில் சலூன்காரருக்குத் தனிக் கவலை ஒன்று. அரியாங்குப்பத்தில் ஒருவரிடம் பெருமையாக வாங்கி வந்த சேவல், வந்த புதிதில் விடியலில் கூவித் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூவுவதை நிறுத்திக்கொண்டது. கொண்டை சுருங்கி வெளுத்தது. களத்தில் இறக்கினால் எதிராளிச் சேவலைப் பார்த்து நின்றது. உடம்பு மட்டும் கொழுத்து, கோழிகளோடு கோழியாக மண்ணைக் கிளறியது. சலூன்காரர் வேப்பெண்ணெய் கொடுத்துப் பார்த்தார், மிளகு கொடுத்துப் பார்த்தார். கடைசியில் யாரோ செய்வினை வைத்துவிட்டதாக முடிவு செய்து, எலுமிச்சம்பழம் சுற்றினார். மேஸ்திரி சவரத்துக்கு முகத்தை நீட்டிக்கொண்டு, "வயசாவுதுடா அதுக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு அந்த மாசிமகம். பல்லக்கு போனது, வந்தது. அவர் தோள் மாற்றவில்லை. மறுநாள் பெரியம்மா எண்ணெய் தேய்த்தாள், திட்டினாள். எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரு வாரம் பொறுத்து, ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். அவர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். குனியாமல் வந்தார்.

தலை நிலையில் இடிக்கவில்லை. "ம்" என்ற சத்தமும் இல்லை. என்னைப் பார்த்து, கிளம்பிட்டியாம்மா என்று கேட்டார். வேட்டியின் கரை தரையில் புரண்டு அழுக்காகியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு மனிதர் குட்டையாக ஆவதற்கு என்ன காரணங்கள் உண்டு? கால் மடங்கலாம், இடுப்பு வளையலாம், முதுகெலும்பு நசுங்கலாம். கால் நேராகத்தான் இருந்தது.

சாயங்காலம் வலி இருக்கிறதா என்று கேட்டேன். என் காலைப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும்மா" என்றார். இரண்டு நாள் கழித்துப் பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல், பெரியம்மாவும் சலூன்காரரும் கைத்தாங்கலாக அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் இந்த ஊரிலேயே படித்து, பிறகு சென்னையிலும் படித்தவர். பழைய ஆட்கள் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று கூப்பிடுவார்கள். முதுகைப் பக்கவாட்டில் படம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று எலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தன. டாக்டர் பெருமூச்சு விட்டு, நோய் முதுகுக்கு வந்துவிட்டது, இனிப் பலகையில் படுக்க வைத்து வலிக்கு மருந்து கொடுப்பதுதான் என்றார். பெரியம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். அவளிடம் யார் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் படத்தை மறுபடி விளக்குப் பெட்டியில் மாட்டினேன். வெள்ளைத் திட்டு எங்கேயும் இல்லை. நசுங்கிய எலும்புகள் மட்டுமல்ல, எல்லா எலும்பும் மங்கலாக, சதையின் நிறத்துக்கு வந்திருந்தன. பென்சிலால் ஓரம் மட்டும் கோடு போட்டது மாதிரி.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கதிர் அதிகமாகப் போய்ப் படம் கருத்திருக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம். அதிகம் போனால் எந்த எலும்பும் மங்கும். திரும்ப எடுத்தேன், அப்படியே வந்தது. பழைய படத்தோடு ஒப்பிடலாம் என்றால், அது பழைய மெஷினில் எடுத்தது. டாக்டர் சிறிது நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இவர் வயசு ஆம்பள யாராவது வெளியே இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரே பிலிமில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் கையையும் வைத்து எடு என்றார். அப்போது கதிர் இருவருக்கும் ஒன்றுதான். இந்த நோய் விரலுக்கு வருவதும் அபூர்வம். விரலும் மங்கினால் அது வேறு சங்கதி.

சலூன்காரரைக் கூப்பிட்டேன். பிலிம் போட்ட கேசட் தட்டின் மேல் இருவரும் கையை விரித்து வைத்தார்கள். மேஸ்திரியின் வலது கை, சலூன்காரரின் இடது கை. சுண்டுவிரலோடு சுண்டுவிரல் இடித்தது.

"தள்ளுடா கொஞ்சம்."

"நீ தள்ளுடா. எடத்த அடைச்சிகினு."

"ஆடாதீங்க ரெண்டு பேரும்" என்றேன். "அத என்கிட்ட சொல்லாத, அவன்கிட்ட சொல்லு" என்றார் சலூன்காரர்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே மருந்துத் தொட்டியில் பிலிம் மெல்ல நிறம் கொண்டது. முதலில் ஒரு கை வந்தது. தடித்த, வெள்ளையான விரல் எலும்புகள். மற்றக் கை வரும் வரும் என்று பார்த்தேன். வந்தது இவ்வளவுதான் என்று பிறகுதான் புரிந்தது. சலூன்காரரின் எலும்புக்குச் சுவர் மூங்கில் மாதிரி. மேஸ்திரியின் எலும்பு பப்பாளிக் காம்பு மாதிரி, மெல்லிய ஓரமும் நடுவில் பொந்தும். அத்தனை பேல் தூக்கிய கை.

ஈரப் பிலிமை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் முகம் மாறியது. நோய் இறங்கவில்லை, எலும்பு கரைந்திருக்கிறது என்றார். ஆண் சுரப்புதான் கட்டிக்கும் ஆகாரம், எலும்புக்கும் காவல். அதை எடுத்துவிட்டோம். ஆனால் அந்தக் காவலைத்தான் இந்தப் பெண் சுரப்பு மாத்திரை ஓரளவு பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் விழுங்குகிறவருக்கு இந்த அளவுக்குக் கரையக் கூடாதே. பெரியம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். ஒருநாள்கூடத் தவறவில்லை, என் கையால் வைக்கிறேன், என் கண்ணால் பார்க்கிறேன் என்று அவள் சாமி மேல் சத்தியம் செய்தாள். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற சலூன்காரர், நாழியாகிறது, சேவலுக்குத் தீனி வைக்கவில்லை, அது இருக்கிற லட்சணத்துக்கு யாராவது பிடித்துக் குழம்பு வைத்தாலும் கூவாது என்று தன்பாட்டுக்கு முணுமுணுத்தார்.

காலை காபி நேரம். பின்கட்டு ஜன்னல். வாய் கொப்பளித்துத் துப்புவது. கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் சேவல். துப்பியதும் ஓடிவந்து ஒரு கொத்து. தினமும் மேலேயிருந்து பார்க்கிறேன். இட்லித் துணுக்கு என்று நினைத்திருந்தேன்.

"உங்க சேவல் காலையில எங்க மேயுது?" என்று சலூன்காரரைக் கேட்டேன்.

"அது எங்க மேயும்? இவன் ஜன்னலுக்குக் கீழத்தான் தவம் கெடக்கும்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. மூன்றாவது வகை.

பெரியம்மாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "ந்தா, அப்ப வெறும் தண்ணியத்தான் குடிச்சிகினு இருந்தியா?"

சலூன்காரருக்கு விஷயம் இப்போதுதான் முழுதாக ஏறியது. "அடப்பாவி. என் சேவலுக்குப் பொம்பள மருந்து குடுத்துட்டு, வயசாவுதுன்னு என்கிட்டயே சொன்னியேடா. நான் எலுமிச்சம்பழம் சுத்திகினு கெடந்தேன்."

டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"மாருல பால் கட்டின மாதிரி ஆயிடிச்சி முசே. தொட்டா வலி. துண்டுக்கு அடியில தெரிஞ்சிது. அத வெச்சிகினு சட்டை இல்லாம அம்மன எப்பிடித் தூக்குவேன்?"

டாக்டர் திரும்பினார். சிரிப்பு இல்லை இப்போது. மாத்திரையை விழுங்கினால் மார்பு வீங்கத்தான் செய்யும், கால் வீங்கவும் கூடும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விழுங்காவிட்டால் அடுத்த எலும்பு நசுங்கும். இடுப்பு முறிந்தால் எழுந்திருக்கவே முடியாது. அடங்கிக் கிடக்கும் நோயும் முழித்துக்கொள்ளலாம். முடிவு உங்களுடையது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சலூன்காரர் முந்திக்கொண்டார்.

"இருக்கட்டும்னு சொன்னே, இங்கியே அறைஞ்சிடுவேன். ரெண்டு வருஷத்துக்கு மேல இல்லாத தாடிய வழிச்சிகினு இருக்கேன்டா. நொர போடறேன், தீட்டறேன், வழிக்கிறேன். எதுக்கு? தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே? உன்னக் கேட்டனா? அந்தத் தாடிக் கழுதைய நான் பாத்துக்கிட்டேன்ல. மார நான் பாத்துக்க மாட்டேனா?"

மேஸ்திரி அவரை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டினார். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி வாங்க அடையாளத்துக்கு எடுத்துவந்த மாத்திரை டப்பா அதில் இருந்தது. ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் குடித்து முடித்ததும் சலூன்காரர், "வாயத் தொற" என்றார். திறந்து காட்டினார்.

அதன் பிறகு டாக்டர் சொன்னவற்றை நான் வரிசையாக எழுதிப் பெரியம்மா அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். பால், கேழ்வரகு, முள்ளோடு மெல்லும் நெத்திலி. முதுகுக்குக் கான்வாஸ் பட்டை. காலை வெயிலில் கடற்கரை வரை நடை. படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும். தூக்குவது மட்டும் கூடாது. ஒரு குடம்கூட. இதில் அவருக்குப் பிடிபடாதது கடைசி ஒன்றுதான். முதல்நாள் நடந்துவிட்டு வந்து என்னிடம் முறையிட்டார். "சும்மா நடன்னா எப்பிடிம்மா? கைய எங்க வெச்சிக்கறது?"

சலூன்காரர் சொன்னதைச் செய்தார். அடுத்த மாசிமகத்துக்கு முன்னால் பல்லக்குத் தூக்குகிறவர்களைக் கூட்டி, இந்த வருஷம் எல்லாரும் மஞ்சள் துணியை மார்பைச் சுற்றிக் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, அம்மன் கனவில் வந்து கேட்டாள் என்று கூசாமல் சொன்னார். தெரு நம்பியது. நானே பெரியம்மாவோடு உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தேன். அன்றைக்கு எங்கள் பல்லக்கு மட்டும் மஞ்சளாக வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் இது என்ன வழக்கம் என்று விசாரித்தார்கள். இன்று அது எங்கள் தெருவின் பழைய வழக்கம் ஆகிவிட்டது.

மேஸ்திரியும் மஞ்சள் துணி கட்டியிருந்தார். தண்டுக்கு அடியில் இல்லை, பக்கத்தில். அவர் இடத்தில் சலூன்காரர் நின்றார். கத்தியும் சீப்பும் பிடித்த தோள். முதல் தெருமுனையிலேயே கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மாற்றுக்கு வந்தவரைத் தலையசைத்து வேண்டாம் என்றார். இரண்டாவது முனையில் மேஸ்திரி தண்டோடு ஒட்டி நடந்து, அவர் காதோரம் குனிந்து சொன்னது கூட்டத்தில் எனக்கும் கேட்டது.

"போதும்டா. தோள் மாத்திக்கோ."

அந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து அந்தத் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை.

சேவல் அதற்கு முன்பே, மழைக்காலத்தில், ஒரு விடியலில் கூவியது. முதலில் தொண்டை அடைத்த மாதிரி பாதிக் கூவல். பிறகு நாளுக்கு நாள் முழுதாக. பெரியம்மா அதன் பிறகு மாத்திரை விழுங்குவதை நின்று பார்ப்பதில்லை. காலையில் சேவல் கூவினால் அடுப்படியிலிருந்தே, "ம், முழுங்கறாரு" என்பாள். ஆனால் அது பழக்கத்தை விடவில்லை. காபி நேரத்துக்கு ஜன்னலுக்குக் கீழே வந்து கழுத்தை நீட்டும். மேஸ்திரி மாத்திரையை அதற்குக் காட்டிவிட்டுத் தான் விழுங்குவார். பிறகு ஒரு பிடி கம்பை வெளியே இறைப்பார்.

மறுவருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற காலையில் ரிக்‌ஷா வாசலுக்கு வந்துவிட்டது. இரும்புப் பெட்டி மாடிப்படியின் அடியில் இருந்தது. மேஸ்திரி அதற்குப் பக்கத்தில் நின்றார். வலது கை தானாக அதன் பிடிக்குப் போனது. போய், பிடியைத் தொட்டு, அப்படியே நின்றது.

அவர் கையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினார். "டேய்" என்று கூப்பிட்டார். "வா, பொண்ணு பெட்டிய வண்டியில வை. படிச்ச பொண்ணு. கனமா இருக்கும்."

சலூன்காரரும் ரிக்‌ஷாக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தடுமாறினார்கள். மேஸ்திரி கூடவே வந்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முனையைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் என் தண்ணீர் பிளாஸ்க் இருந்தது. எப்போது வாங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ரிக்‌ஷாவில் நான் உட்கார்ந்ததும் அதை என் மடியில் வைத்தார். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்றேன். "இருக்கட்டும்மா" என்றார். அது எந்த வகை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். இப்போது குனியத் தேவையே இல்லாத அந்த வாசலில், தலையை இடது பக்கம் சாய்த்து, முழங்காலை லேசாக மடக்கி, தன் பழைய உயரத்துக்குக் குனிந்து உள்ளே போனார்.